அஞ்சு வரிசை, வரிசைக்குப் பத்து

இந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்து எனக்குக் கால் வராது என்று நினைத்துவிடாதே தாயி. கால் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிலீஷ்தான் வராது. வழி தெரியாமல் எங்கேயாவது நின்றுவிடக் கூடாதே என்று என் மகன் டிக்கெட்டிலேயே இதற்குச் சொல்லிவைத்துவிட்டான். தள்ளிக்கொண்டு வந்தவர் என்னை இங்கே விட்டுவிட்டு, அந்தக் கதவைக் காட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெட்ராஸ் பிளேன் இங்கேதானே? மாதாவுக்குத் தோத்திரம். உன் மடியில் தமிழ்ப் புத்தகம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

நர்சா? இந்த தோஹாவிலேயா? நல்ல வேலை தாயி. புண்ணியமான வேலை. லீவில் ஊருக்குப் போகிறாயா. போ, போய் உன் அம்மா கையால் சாப்பிடு.

கழுத்தில் தொங்குகிறதே இந்த அட்டை, இதுவும் அவன் செய்ததுதான். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ். மதலேனம்மாள், வயது அறுபத்தெட்டு, சர்க்கரை உண்டு. கீழே அவன் நம்பர், அவன் வீட்டு விலாசம், பிலோமினா நம்பர். பிலோமினா என் மகள், திண்டுக்கல்லில் இருக்கிறாள். தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாதாம், கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறான். எதைச் செய்தாலும் அவன் அப்படித்தான், ஒரு நூல் பிசகாது. அவன் அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். அந்தக் கை.

அந்தக் கை செய்த வேலையை நான் கெடுத்துவிட்டேன் தாயி. வேண்டுமென்று இல்லை. புளியால் வந்தது. பிறகு நானே உட்கார்ந்து சரிசெய்தும் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் பிளேனில் பதினாலு மணி நேரம் கண்ணை மூட முடியவில்லை. அந்த பிஸ்கட்டைச் சாப்பிடு, நான் சொல்கிறேன். யாரிடமாவது சொன்னால் தேவலாம் போல இருக்கிறது.

அவன் பெயர் கிளமெண்ட். டெக்சாசில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் கார் நிறுத்த ஒரு அறை உண்டு. அதில் கார் நிற்காது. மேசை போட்டு, விளக்குப் போட்டு, துப்பாக்கித் தோட்டா செய்கிறான்.

பயப்படாதே. நானும் முதலில் இப்படித்தான் நெஞ்சில் கையை வைத்தேன். அங்கே அது தப்பில்லையாம். நம்மூரில் ரோஜாப் பதியன் போடுகிறார்கள், தபால்தலை சேர்க்கிறார்கள், அதுபோல அங்கே வீட்டிலேயே தோட்டா செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். கடையில் வாங்குவது ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறாக இருக்குமாம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் பண்ணி, நெளிவு எடுத்து, மறுபடி நிரப்புகிறது. சாப்பிட்ட இலையிலேயே திரும்பச் சோறு போடுகிற கதையாக இருக்கிறதே என்றேன். சிரித்தான். ஆறு மாதத்தில் நான் பார்த்த சிரிப்பு மூன்றோ நாலோ. அதில் அது ஒன்று.

அவன் குடிக்க மாட்டான் தாயி. சிகரெட் இல்லை. இது ஒன்றுதான்.

குண்டையும் அவனே வார்ப்பான். கரண்ட் சட்டியில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, கொஞ்சம் பொறுத்துத் தட்டினால் மடித்துப் போட்ட துண்டின் மேல் பொத்தென்று விழும். பணியாரம் கவிழ்க்கிற மாதிரியேதான். ஒன்று சுருங்கியிருந்தால், ஒரு ஓரத்தில் சொட்டை விழுந்திருந்தால், அதைத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிடுவான். இவ்வளவுதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பேன். கேட்க மாட்டான். நான் தொடப் போனால் விட மாட்டான். ஈயம் உடம்புக்கு ஆகாதும்மா, கையைக் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு என்பான். பெரிய கதவைத் திறந்துவிட்டு, ஃபேனைப் போட்டு, என்னைக் காற்றடிக்கிற பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் சட்டியையே போடுவான். உயிர் மேல் அவ்வளவு கவனம்.

நான் அங்கே போனது இதைப் பார்க்க இல்லை. பிலோமினாதான் அனுப்பினாள். போன வருஷம் மருமகள் ஜோஸ்லின் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா அம்மா இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள். பேத்தி பெயர் மிரியம், ஏழு வயசு. எதனால் போனாள் என்று கேட்காதே, எனக்கும் சொல்லவில்லை. கண் பட்டுவிட்டது, வேறென்ன. சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளை போனில் வந்து அப்பாவிடம் பேசும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. பிலோமினா சொன்னாள், "அண்ணன் குரலே சரியில்லம்மா. தனியா விடக்கூடாது. நீ போயி ஒன்னும் செய்ய வேணாம், அவன் கண்ணு முன்னால உக்காந்திரு, போதும்."

உட்கார்ந்திருந்தேன் தாயி. ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன். அவன் மேசையில் இருப்பான், நான் நாற்காலியில் ஜெபமாலையோடு இருப்பேன். பேச்சு கிடையாது. பிலோமினா போனில், அங்கே துப்பாக்கி கிப்பாக்கி ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். பொய்தான். அவள் பயந்த சுபாவம், இரண்டு பிள்ளை வைத்திருக்கிறவள், எதற்கு அவள் தூக்கத்தைக் கெடுப்பது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிட்டேன். அந்தச் சாமியாருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. ஆனாலும் ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர மாட்டான். சுடுகிற இடத்துக்குப் போவான். அது எனக்கு ஆறவில்லை. ஒரு நாள், நீ என்கூடப் பூசைக்கு வா, நான் உன்கூட அங்கே வருகிறேன் என்றேன். வந்தான். கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், நற்கருணை வாங்கவில்லை. நானும் சொன்னபடி போனேன். என் காதில் பஞ்சு, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒன்று. அப்படியும் ஒவ்வொரு சத்தத்துக்கும் சிலுவை போட்டுக்கொண்டேன். சுட்டு முடித்துத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். ஓட்டை எல்லாம் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்றேன்.

அப்போது ஒன்று சொன்னான் பார். "அந்தக் கார் ரூம் மேசையில மட்டுந்தாம்மா நான் செய்றது சரியா வருது. மத்த எல்லாம் கை வச்ச உடனே கெட்டுப் போகுது."

அதனால்தான் எனக்கு அந்த மேசையின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பீடத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதில் ஒரு தட்டு உண்டு. பித்தளைக் கூடுகளை நிறுத்தி வைக்கக் குழி குழியாக. முதல் தடவை எண்ணிப் பார்த்தபோதே எனக்குச் சிலிர்த்துப் போனது. அஞ்சு வரிசை, வரிசைக்குப் பத்து. ஜெபமாலையில் தலைமணி போக என்ன இருக்கிறது? அஞ்சு பத்துதானே. நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை, எதுவானாலும் எண்ணிக்கை புரியும். அன்றிலிருந்து அவன் ஆபீசில் இருக்கிற நேரத்தில் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டின் மேலும் விரல் வைத்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வேன். ஐம்பது கூட்டுக்கும் ஐம்பது. எந்தக் குண்டும் யார் மேலும் படாமல் தாளிலேயே போய் விழட்டும் என்று.

தவக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கோர்ட்டிலிருந்து. படித்தான், மடித்தான், மேசை இழுப்பில் வைத்தான். என்ன ராசா என்றேன். "முடிஞ்சிருச்சும்மா" என்றான். மிரியம்? "அதுவுந்தான்." 

ஆனால் பார், அதற்குப் பிறகுதான் அவனிடம் ஒரு அமைதி வந்தது. அதுவரை சாப்பிட மாட்டான், நடந்துகொண்டே இருப்பான். கடிதம் வந்து ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வீட்டை ஒழுங்கு பண்ணினான். மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான். காமிராவை ஆபீஸ் சிநேகிதருக்குக் கொடுத்தான். சட்டை துணிமணி எல்லாம் பெட்டி கட்டிக் கோயிலுக்குக் கொடுத்தான். காகிதங்களை எல்லாம் அடுக்கி, மேலே பிலோமினா பெயரை எழுதி உறை போட்டு வைத்தான். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் முழங்காலில் நின்று அழுதேன். ஐம்பதோடு முன்மணி மூன்றும் சேர்த்து ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னால் நடக்காதது உண்டா.

நீ ஏன் பிஸ்கட்டை அப்படியே வைத்திருக்கிறாய்? பிடிக்கவில்லையா?

டாக்டரிடம் போனானா என்றா? எதற்கு? காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லையே அவனுக்கு.

கேள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. ஊரில் இருந்தால் அன்று மரியாயின் சேனைப் பெண்கள் நாங்கள் பன்னிரண்டு பேரும் கோயிலில்தான் இருப்போம். பீடத்துப் பித்தளை மெழுகுவத்தித் தண்டு, தூபக்கலசம், மணி, எல்லாவற்றையும் கிணற்றடியில் குவித்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். ஞானசௌந்தரி என்று ஒருத்தி, என் சோடி, தேய்க்கிறதைவிடப் பேசுகிறது அதிகம். உன் தண்டில் பச்சை போகவில்லை, உன் மாமியார் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்த வேலையை நான் விட்டதில்லை. இந்த வருஷம் கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கை என்ன செய்யும்?

கிளமெண்ட் முடி வெட்டப் போயிருந்தான். நான் கார் அறைக்குப் போனேன். தட்டில் ஐம்பது பித்தளைக் கூடு, நிறைய நிற்கிறது. ஒவ்வொன்றும் கறுத்துப் போய், புகை படிந்து. முன்னாலெல்லாம் அவனே ஒரு மிஷினில் போட்டு உருட்டி மினுக்கிவிடுவான். இந்தத் தடவை அதைச் செய்யவே இல்லை. அலுப்பு போலிருக்கிறது, பிள்ளைக்கு நாம் செய்து வைப்போமே என்று நினைத்தேன். புளி வீட்டில் இருந்தது. வெந்நீரில் கரைத்து, ஐம்பதையும் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நார் இல்லை, பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒன்றுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. என்ன நிறம் வந்தது என்கிறாய். புதுத் தாலி மாதிரி. வெள்ளைத்துணியில் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, அவன் வருவதற்குள் அஞ்சு வரிசை, வரிசைக்குப் பத்து என்று இருந்தது இருந்தபடி நிறுத்திவிட்டேன். சொல்லவில்லை. அவனே பார்த்துக் கேட்கட்டும் என்று இருந்தேன்.

கேட்கவே இல்லை தாயி. புதன்கிழமை உட்கார்ந்து அத்தனைக்கும் வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தி முடித்தான். அப்படிப் பளபளக்கிறது, கண்ணில் படவில்லை அவனுக்கு. எனக்கு அது ஒரு குறைதான்.

பெரிய வெள்ளிக்கிழமை. பக்கத்துத் தெருவில் ஆலிஸ் என்று ஒரு கேரளத்து அம்மா. அவரிடம் சொல்லி என்னை மூன்று மணிச் சிலுவை வழிபாட்டுக்கு அனுப்பிவைத்தான். நீயும் வாடா என்றேன். நீ எனக்கும் சேர்த்துச் சிலுவையை முத்தி செய்துவிட்டு வாம்மா என்றான். வாசல் வரைக்கும் வந்தான். வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். சின்னப் பிள்ளையில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கின வயசுக்குப் பிறகு அவன் எனக்கு முத்தம் கொடுத்ததே இல்லை. ஆலிஸ் அம்மாவிடம் காரில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தேன். கார் அறையில் விளக்கு எரிந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தான். சட்டை எல்லாம் வேர்வை. துப்பாக்கி தரையில் கிடந்தது. காலடியில் மூன்று தோட்டா, முழுசாக, குண்டோடு. உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இதத் தொட்டியா?"

 எல்லாவற்றையும் சொன்னேன். புளி, வெந்நீர், பஞ்சு, வெயில் எல்லாம்.

ஒவ்வொரு கூட்டின் அடியிலும் ஒரு சின்ன கேப்பு இருக்கும் தாயி. பிள்ளைகள் பண்டிகைக்குத் துப்பாக்கியில் வெடிப்பார்களே, அதுபோல. அதுதான் தீக்குச்சி, அதில் தண்ணீர் பட்டால் போச்சு. அதை அவன் முன்னாலேயே பொருத்தி வைத்திருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுக்கு ஒரு பித்தளைப் புள்ளி, அவ்வளவுதான்.

அவன் சிரித்தான். சிரித்தது அப்படியே வேறு மாதிரி ஆகிவிட்டது. நாற்பத்தோரு வயசு ஆம்பிளை, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறான். "மூணு தடவைம்மா. மூணும் பத்தல." அதையே சொல்கிறான். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டு, மன்னிச்சிரு ராசா, அம்மா ஐம்பதையும் கெடுத்துட்டேன், உன் உழைப்பு எல்லாம் வீணாகிப் போச்சு என்கிறேன். என் புடவை நனைந்து போச்சு.

அப்புறம் கேட்டேன், வீட்டுக்குள்ளே எதைடா சுட்டுப் பார்த்தே, அதற்குத்தானே அவ்வளவு தூரம் போவே, இங்கே தாள் கூட மாட்டலையே என்று. குனிந்து அந்த மூன்று தோட்டாவையும் பொறுக்கினான்.

ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்த உடனே நெற்றியில் சிலுவை போட்டு விரட்டிவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்று சாத்தான் சும்மா இருப்பானா? தாய் மனசுக்குள்தான் முதலில் வருவான். என் பிள்ளை மரியாயின் பிள்ளை. கழுத்தில் உத்தரியம் போட்டவன். அப்படியெல்லாம் நினைப்பதே பாவம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம், என்ன சொல்ல. உயிர்த்த ஞாயிறு பூசைக்கு வந்தான். நான் வைத்த மீன்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஆலிஸ் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசினான். மூன்றாவது சிரிப்போ நாலாவது சிரிப்போ, அதுவும் அப்போதுதான். அந்த வாரத்தில் நான் அவனிடம் ஏதாவது கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. என்ன கேட்பது? புண்ணைக் கிண்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மிரியம் பிறந்தநாள் வந்தது. போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடியும் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டான். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். கை ஓடவில்லை அவனுக்கு. நான் நினைத்தேன், நான்தான் இவன் கையைக் கெடுத்தேன். சரியாக வருகிறது என்று இவனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இடம், அதிலும் போய்ப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன் என்று.

எனக்கு விசா முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பண்ணின தப்பைத் திருத்திவிட்டுத்தான் போவேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அவனிடமே கேட்டேன், எப்படிச் சுத்தம் பண்ணணும், சொல்லு, இந்தத் தடவை தப்பு வராது என்று. வேண்டாம்மா, விடும்மா என்றான். நான் விடவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தான். கேப்பு எடுத்துவிட்ட கூடு ஐம்பது எண்ணிக் கொடுத்தான். நான் மிஷினில் போட்டேன், எடுத்தேன், ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சுக்குச்சி விட்டுத் துடைத்தேன், இரண்டு நாள் முழுக்க வெயிலில் திருப்பித் திருப்பி வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. அவன் அப்பா இருந்திருந்தால் அந்த வேலையைப் பார்த்து அசந்துபோயிருப்பார்.

கிளம்புகிற அன்று, அதாவது நேற்று, சனிக்கிழமை, தட்டை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன். அஞ்சு வரிசை, வரிசைக்குப் பத்து. துணியை எடுத்துப் பார்த்தான். ஒன்றை எடுத்து விரலில் உருட்டினான்.

"இந்தத் தடவ ஈரம் இல்லியேம்மா?"

"ஒரு துளி ஈரம் இல்லடா. மாதா மேல சத்தியம்."

"சரிம்மா" என்றான். "மிச்சம் அர மணி நேர வேலதான்."

அவ்வளவு சாந்தமாகச் சொன்னான் தாயி. என் மனசிலிருந்து பாறை இறங்கின மாதிரி இருந்தது.

ஏர்போர்ட்டில் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றி என் கையில் சுற்றிவிட்டான். இதோ, இதுதான். பழுப்புத் துணி, அழுக்கேறிப் போயிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாகிறவனை மாதா நரகத்துக்கு விட மாட்டாள் என்று எங்கள் வழியில் ஒரு நம்பிக்கை. அதனால் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்கள். என்னடா இது என்றேன். "பழசாயிருச்சும்மா, நீயே வச்சுக்க. மிரியம் பெரியவளானா குடு" என்றான். வேளாங்கண்ணிக்குப் போய்ப் புதுசு மந்திரித்து அனுப்புகிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணாதே, பிலோவுக்குப் பண்ணு, அவள் வந்து கூட்டிப்போவாள் என்றான். அதனால்தான் இங்கே இறங்கியும் அவனைக் கூப்பிடவில்லை.

என்ன தாயி, ஏன் எழுந்துவிட்டாய்? பிளேன் வந்துவிட்டதா?

அட்டையா? இந்தா. மேலே இருக்கிறதுதான் அவன் நம்பர். அங்கே இப்போது என்ன மணி இருக்கும்? காலை பத்தா. ஞாயிற்றுக்கிழமை காலை. நாளைக்கு வெளியே எங்கேயும் போகலைம்மா, வீட்டில்தான் இருப்பேன் என்றான். இருப்பான். எடுப்பான்.

மணி அடிக்கிறதா?

அடிக்கட்டும். கார் அறையில் இருந்தால் அவனுக்குக் கேட்காது. சட்டெனக் கேட்காது. மறுபடி போடு.

வேறு யார் நம்பரா? அங்கே பக்கத்தில் யாரும் இல்லை. ஆலிஸ் அம்மா நம்பர் இதில் இல்லை. அவன் போடவில்லை. விட்டுப்போயிருக்கும். இல்லை, அவனுக்கு எதுவும் விட்டுப்போகாது. யாரைக் கூப்பிடப் போகிறாய்? அந்த ஊர் போலீசையா? விலாசம் இருக்கிறது பார், அவன் பெயருக்குக் கீழே. நம்பர் எப்படி உனக்குத் தெரியும்? சரி, தேடு. தேடிக் கூப்பிடு. நீ இங்கிலீஷில் பேசு, நான் ஒன்றும் குறுக்கே பேசவில்லை.

ஏன் நம்பரை இப்படித் தப்புத் தப்பாக அழுத்துகிறாய்? நர்ஸ் இப்படிப் பதறலாமா?

இரு, முதலில் அவன் நம்பருக்கே இன்னொரு தடவை. ஸ்பீக்கரில் போடு. ஒவ்வொரு மணிக்கும் நான் ஒரு மணி உருட்டுகிறேன். அருள் நிறைந்த மரியே. அருள் நிறைந்த மரியே. அருள் நிறைந்த.

நின்றுவிட்டதே.

என் கண் அவ்வளவு துல்லியம் இல்லை தாயி. வலது கண்ணில் புரை இருக்கிறது, அட்டையில் அவன் அதை எழுதவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்று சொன்னேனே, எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கிழவி கை. வெயிலும் இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் மேகமாகத்தான் இருந்தது. நீ போலீசைக் கூப்பிடு, நான் அதற்குள் கேட்கிறேன், நீ படித்தவள், உனக்குத் தெரியும். ஐம்பது இருந்ததே. ஐம்பதுமா காய்ந்திருக்கும்?